துப்பாக்கிக்கு ஈடாகத் தையல் இயந்திரம்

லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையின் சேகரிப்பில் ஒரு நாற்காலி உண்டு. மரத்தால் ஆனதன்று, பிரம்பால் பின்னியதும் அன்று. கால், கை, இருக்கை, சாய்மானம் எல்லாம் துப்பாக்கித் துண்டுகள். சாய்மானமாக நிற்பவை போர்த்துக்கீசியப் படையினர் தோளில் சுமந்த ஜி-3 ரகத் துப்பாக்கிகள். மற்றப் பாகங்கள் போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் வட கொரியாவிலும் செய்யப்பட்டவை. ஆப்பிரிக்கக் கண்டத்தில் செய்த ஆயுதம் ஒன்றுகூட அதில் இல்லை. ஆயினும் அவை வெடித்ததும் உயிர் குடித்ததும் ஆப்பிரிக்க மண்ணில்தான். தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் கடற்கரை நாடாகிய மொஸாம்பிக்கைச் சேர்ந்த கெஸ்டர் என்னும் சிற்பி 2001-ஆம் ஆண்டில் அதைப் பொருத்தி முடித்தார். மறு ஆண்டு பொருட்காட்சிச்சாலை அதை விலை கொடுத்து வாங்கியது.

உலகம் வியந்து பார்த்த அந்த நாற்காலி, உண்மையில் வேறொரு வேலையில் மிஞ்சிய பொருள். தச்சுப் பட்டறையில் உதிரும் சீவலைப் போன்றது. வேலை வேறு. வீட்டுக் கூரையிலோ புதரிலோ துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பவர், அதைக் கொண்டுவந்து ஒப்படைத்தால், அவருக்கு ஒரு தையல் இயந்திரமோ, சைக்கிளோ, மண்வெட்டிகளோ, கூரைத் தகடுகளோ கொடுப்பது. வாங்கிய ஆயுதத்தை மறுபடி ஒருவரும் கையாள முடியாதபடி அறுத்தோ வெடித்தோ அழித்துவிடுவது. அழித்தபின் மிஞ்சிய இரும்பில் ஒரு பகுதிதான் சிற்பிகளின் கைக்குப் போயிற்று. இந்த வேலையை 1995-ஆம் ஆண்டில் தொடங்கி நடத்தியது மொஸாம்பிக் நாட்டுக் கிறிஸ்தவ சபைகளின் மன்றம். ‘ஆயுதங்களை மண்வெட்டிகளாக மாற்றுதல்’ என்பது அத்திட்டத்தின் போர்த்துக்கீசியப் பெயருக்குப் பொருள். வாள்கள் ஏர்க்கொழுவாகும் நாளைக் கண்ட ஏசாயா தீர்க்கதரிசியின் கனவிலிருந்து எடுத்த கருத்து அது.

சிற்பத்தைப் பற்றி எழுதியவர் மிகப் பலர். தையல் இயந்திரம் என்ன ஆயிற்று என்று கேட்டவர் சிலரே. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. நம்மவர்களில் பலர் சபை, மடம், சங்கம், அறநிலையம் என்று ஏதேனும் ஒன்றில் பொறுப்பு வகிக்கிறோம். கலவரமோ வெள்ளமோ நேர்ந்த ஊர்களுக்குப் பணம் திரட்டி அனுப்புகிறோம். இத்தனை பேருக்கு இத்தனை பொருள் வழங்கினோம் என்று ஆண்டறிக்கையில் அச்சிட்டு மனநிறைவு கொள்கிறோம். வழங்கியது பலன் தந்ததா என்று அளப்பது எவ்வளவு கடினம் என்பதை மொஸாம்பிக்கின் கதை நமக்குக் காட்டும்.

மொஸாம்பிக் நமக்கு முற்றிலும் அந்நியமான நாடும் அன்று. 1752 வரையில் அதன் போர்த்துக்கீசிய ஆட்சி கோவாவிலிருந்துதான் நடந்தது. குஜராத்தி வணிகர்களும் கோவாக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். அந்நாட்டுப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் ‘கபுலானா’ என்னும் பூப்போட்ட துணியில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனதே.

கூரையில் செருகிய காப்புறுதி

1964 முதல் பத்தாண்டுகள் விடுதலைப் போர் நடந்தது. 1975 ஜூன் 25-ஆம் தேதி நாடு சுதந்திரம் பெற்றது. ஆட்சிக்கு வந்தது பிரெலிமோ இயக்கம். இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. எதிர்த்து நின்ற ரெனாமோ படையை முதலில் அன்றைய ரொடீஷிய வெள்ளையர் அரசும், பிறகு தென்னாப்பிரிக்க நிறவெறி அரசும் ஊட்டி வளர்த்தன. பிரெலிமோவுக்குச் சோவியத் ஆயுதங்கள் வந்தன. 1992 வரையில் நீடித்த அப்போரிலும், அதனோடு வந்த பஞ்சத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டனர் என்பது பொதுவான கணக்கு. 17 லட்சம் பேர் அண்டை நாடுகளில் அடைக்கலம் புகுந்தனர். அதைவிடப் பன்மடங்கானோர் உள்நாட்டிலேயே ஊர்விட்டு ஊர் ஓடினர்.

சமாதானத்தைக் கொண்டுவந்ததில் சபைகளுக்கு இருந்த பங்கை இங்கே சொல்லியாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பிற்காலத்து வேலையை மதிப்பிட முடியாது. எண்பதுகளின் நடுவிலிருந்தே சபை மன்றத்தினர் அரசை நோக்கி, எதிரியோடு பேசுங்கள் என்று வற்புறுத்தி வந்தனர். அன்று அவ்வாறு சொல்வது தேசத் துரோகமாகக் கருதப்படக்கூடிய பேச்சு. பெய்ரா நகரத்துக் கத்தோலிக்கப் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ், ரெனாமோவின் தலைவர் அபோன்ஸோ த்லகாமாவைக் காட்டுக்குள் சென்று சந்தித்தார். இருவருக்கும் தாய்மொழி ந்தாவ். ஆட்சிமொழியாகிய போர்த்துக்கீசியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்கள் தம் மொழியில் பேசினார்கள் என்பதைத் தாய்மொழி வழங்காத ஊர்களில் குடியிருக்கும் நாம் எளிதில் உணர்ந்துகொள்வோம். பிறகு ரோமாபுரியில் சாந்த் எஜீதியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் சங்கத்தின் இல்லத்தில் 27 மாதங்கள் பேச்சு நடந்தது. 1992 அக்டோபர் 4-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அடுத்து ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படை வந்தது. இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவுகளும் அதில் பணியாற்றின. இரு தரப்பிலுமாக 90,000-க்கு மேற்பட்ட படைவீரர்கள் பணி விடுவிக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,90,000 ஆயுதங்கள் திரட்டப்பட்டன. ஆனால் அவற்றில் பெரும்பான்மை அழிக்கப்படவில்லை. கிடங்குகளில் பூட்டி வைக்கப்பட்டன அல்லது புதிய ராணுவத்துக்கு மாற்றப்பட்டன. கணக்கில் வராமல் காட்டிலும் வீட்டிலும் கிடந்தவை எத்தனை? 5 லட்சம் என்பாரும் உண்டு, 60 லட்சம் என்பாரும் உண்டு. ஒன்றுக்குப் பன்னிரண்டு பங்கு வேறுபடும் மதிப்பீட்டை மதிப்பீடு என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

ஏன் மறைத்து வைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பணி நீங்கிய வீரருக்கு அரசு ஆறு மாதமும், நன்கொடை நாடுகளின் நிதி பதினெட்டு மாதமும் ஊதியம் கொடுத்தன. இரண்டு ஆண்டுக்குப் பின் அது நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரியும். பதினைந்து வயதில் கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டு முப்பது வயதில் ஊர் திரும்பியவருக்கு வேறு தொழில் தெரியாது. சமாதானம் நிலைக்குமா என்பதும் தெரியாது. ஆகவே துப்பாக்கி அவருக்கு ஆயுதம் மட்டுமன்று. கஷ்ட காலத்துக்கு எடுத்து வைத்த காப்புறுதி. வேண்டுமானால் விற்கலாம், வாடகைக்கு விடலாம், வழிப்பறிக்குப் பயன்படுத்தலாம். ஒருவருடைய காப்புறுதியை வெறும் உபதேசத்தால் பிடுங்கிவிட இயலாது. அதற்கு ஈடாக வேறொரு காப்புறுதி தர வேண்டும். சபைகளின் திட்டத்தினுடைய நுட்பம் இதுவே.

லெபோம்போ மறைமாவட்டத்தின் ஆங்கிலிக்கன் பேராயர் தினிஸ் செங்குலானே இத்திட்டத்தின் முன்னோடி. துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு உறங்குவது பாம்பைப் படுக்கையில் வைத்துக்கொண்டு உறங்குவது போல என்று அவர் ஊர் ஊராகச் சொல்லி வந்தார். ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. ஜப்பானின் மத்ஸுயாமா நகரத்தில் தெருவிலும் நிலைய வாசலிலும் கேட்பாரற்று விடப்பட்ட சைக்கிள்கள் செப்பனிடப்பட்டு, கப்பலில் ஏறி மொஸாம்பிக் வந்து சேர்ந்தன. ஓர் ஊரார் எல்லோரும் சேர்ந்து ஆயுதங்களைத் திரட்டிக் கொடுத்து டிராக்டர் ஒன்று பெற்றதாகவும் சொல்லுவார்கள். கொடுப்பவர் யார், எங்கிருந்து கிடைத்தது, யாரைச் சுட்டது என்ற கேள்வி கேட்கப்படமாட்டாது. பெயர் பதிந்து போலீசுக்குப் போகாது. போலீஸ் நிலையத்துக்குத் துப்பாக்கியோடு நடந்து செல்ல எவருக்குத் துணிவு வரும்? பாதிரியாரிடம் சென்றால் பிடித்துக்கொடுக்க மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை 1995-இல் திடீரென்று பிறந்ததன்று. போர்க்காலம் முழுதும் சபையார் நடந்துகொண்ட முறையால் சேர்ந்த முதலீடு.

எதை எண்ணுவது?

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். பணம் கொடுத்த வெளிநாட்டு அறநிலையங்கள் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை ஆயுதம் திரட்டினீர்கள் என்பது. இயல்பான கேள்விதான். ஆறு லட்சத்துக்கு மேல் என்று பல ஏடுகளில் அச்சாகியிருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் மலைப்பாக இருக்கும். ஆனால் அது தோட்டா, குண்டு, உதிரிப் பாகம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணிய தொகை. முழுத் துப்பாக்கிகள் அதில் ஒரு சிறு பங்கே. ஒரு பெட்டித் தோட்டாவைக் கொடுத்தவர் பட்டியலில் பல நூறு ஆயுதங்களைக் கொடுத்தவராக ஏறிவிடுவார். எண்ணிக்கை பொய்யன்று; எண்ணிய அலகுதான் பொருந்தாதது.

அந்த நாளிலேயே இதே வேலையை வேறு வழியில் செய்தவர்களும் இருந்தார்கள். தென்னாப்பிரிக்கப் போலீசாரும் மொஸாம்பிக் போலீசாரும் கூடி 1995 முதல் ‘ராகேல் நடவடிக்கை’ என்ற பெயரில் ஆயுதப் புதையல்களைத் துப்பறிந்து தோண்டி எடுத்து அந்த இடத்திலேயே வெடிவைத்து அழித்தார்கள். துப்புச் சொன்னவருக்குப் பணம் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்க நகரங்களுக்குக் கள்ளத்தனமாகப் போய்க்கொண்டிருந்த துப்பாக்கிகளைத் தடுப்பது அவர்கள் நோக்கம். ஆயுதக் குவியலைக் கொண்டு அளந்தால் போலீசாரின் வேலைக்குத்தான் முதல் பரிசு. செலவைக் கணக்கிட்டாலும் தோண்டி வெடிப்பது சுருக்கமான வழி. சைக்கிளைக் கடல் கடந்து கொண்டுவந்து, லாரியில் ஏற்றி, மண்சாலையில் முந்நூறு மைல் ஓட்டி, ஒரு துருப்பிடித்த துப்பாக்கிக்கு ஈடாகக் கொடுப்பது கணக்குப் பிள்ளைக்கு நட்டமாகவே தோன்றும்.

எனினும் அவ்விரண்டும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவை அல்ல. புதையலைத் தோண்டும்போது காட்டில் கிடந்த இரும்பு அழிகிறது. திட்டத்தின்கீழ்த் துப்பாக்கியைக் கொண்டுவரும்போது ஒரு மனிதர் தம் மனத்தில் ஒரு முடிவுக்கு வருகிறார். அந்த முடிவைத்தான் சபையார் விலைக்கு வாங்க முயன்றார்கள். ஆதலால் அம்முடிவு நிலைத்ததா என்பதுதான் மதிப்பீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி. அது நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் கொடுக்கப்பட்ட கருவியின் உழைப்பில் இருக்கிறது.

ஜெர்மனியின் பான் நகரத்தில் ஆயுதக் குறைப்பை ஆராயும் நிலையம் ஒன்று 2004-இல் இத்திட்டத்தைப் பற்றி ஒரு மதிப்பீட்டு அறிக்கை வெளியிட்டது. சபையாரின் பணியை வெளியார் ஒருவர் வந்து துருவிப் பார்க்கலாமா என்று மனம் வருந்துவோர் எல்லா நாட்டிலும் உண்டு. இறைபணிக்குக் கணக்குக் கேட்பதா என்பார்கள். கேட்கத்தான் வேண்டும். காணிக்கை போட்டவரின் உரிமை மட்டுமன்று அது. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரின் உரிமையும் ஆகும்.

தையல் இயந்திரத்தின் வாழ்வு

ஒரு தையல் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதைப் பெற்ற வீட்டில் யாருக்கேனும் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஊசி உடைந்தால் மாற்று ஊசி சந்தையில் கிடைக்க வேண்டும். நூல் வாங்கக் கையில் முதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தைக்கக் கொடுப்பவர் வேண்டும். மொஸாம்பிக்கில் இந்தக் கடைசித் தேவைதான் இடர்ப்பாடு. எண்பதுகளின் பஞ்ச காலத்தில் வெளிநாடுகளிலிருந்து நிவாரணமாகப் பழைய உடைகள் வந்து குவிந்தன. நிவாரணம் பிறகு வணிகமாயிற்று. சந்தையில் மூட்டை மூட்டையாக விற்கும் அந்தப் பழைய உடைகளுக்கு மக்கள் இட்ட பெயர் ‘கலாமிதாதெ’. பேரிடர் என்று பொருள். பேரிடர் உடுப்பு என்பதை அவர்கள் கசப்போடு சொன்னார்களோ நகைப்போடு சொன்னார்களோ, பெயர் நிலைத்துவிட்டது. ஐரோப்பியச் சட்டை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்போது உள்ளூர்த் தையற்காரரிடம் புதுச் சட்டைக்கு அளவு கொடுப்பவர் எத்தனை பேர்? ஒரு கையால் தையல் இயந்திரத்தைத் தானமாகக் கொடுத்த அதே வெளிநாடுகள், மறு கையால் அதன் வாடிக்கையைப் பறித்தன என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் தையற்காரர் அடியோடு அழிந்துவிடவில்லை. பெரிய உடுப்பைச் சிறிதாக்கிக் கொடுப்பது, கிழிந்ததைத் தைப்பது, பள்ளிச் சீருடை, கபுலானாத் துணியில் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் தைக்கும் உடை ஆகியவை எஞ்சின. நகரத்தை ஒட்டிய ஊரில் இவை ஒரு குடும்பத்துக்குப் போதும். வடக்கே வெகு தொலைவிலுள்ள சிற்றூரில் போதா. ஆகவே ஒரே இயந்திரம் ஓரிடத்தில் பிழைப்பு, வேறோரிடத்தில் துணி போர்த்திய அலங்காரப் பொருள். வழங்கியவை எத்தனை என்ற எண் இவ்விரண்டையும் ஒன்றாகவே காட்டும். ஐந்தாண்டு கழித்துப் போய்ப் பார்ப்பவருக்குத்தான் வேற்றுமை தெரியும். பெரும்பாலான மதிப்பீடுகளோ நிதியாண்டு முடிவதற்குள் நடந்து முடிந்துவிடுகின்றன!

சைக்கிள் இதனினும் நல்ல நிலையில் இருந்தது. ஸாம்பேஸியா மாகாணத்தின் தலைநகரமாகிய கெலிமானெயில் வாடகை சைக்கிள்கள் தெருவை நிறைத்து ஓடுகின்றன. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால் கூலி. சோளமூட்டை, கரி மூட்டை, தேங்காய் எல்லாம் சைக்கிளில்தான் சந்தைக்குப் போகின்றன. சக்கரம் பழுதானால் செப்பனிடுபவர் ஊர்தோறும் உண்டு. ஒன்றிருந்தால் அடுத்த ஊருக்கு மருத்துவமனைக்கும் போகலாம். கற்றுக்கொள்ளப் பயிற்சி வேண்டியதில்லை.

மண்வெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்நாட்டு உழவர்களில் பெரும்பாலோர் கைமண்வெட்டியால்தான் நிலத்தைக் கொத்துகிறார்கள். நாட்டின் பல பகுதிகளில் ட்ஸெட்ஸெ என்னும் ஈ மாடுகளைக் கொல்வதால் ஏர் பூட்ட வழியில்லை. மண்வெட்டியின் மதிப்பைத் தேசியக் கொடியே பறைசாற்றுகிறது. விரித்த புத்தகத்தின்மேல் மண்வெட்டியும் துப்பாக்கியும் குறுக்காக வைக்கப்பட்ட சின்னம் அக்கொடியில் உண்டு. துப்பாக்கியை நீக்கிப் புதுக்கொடி அமைக்க 2005-இல் ஒரு போட்டியே நடந்தது. முடிவில் கொடி மாறவில்லை. ஊரிலுள்ள துப்பாக்கிகளை மண்வெட்டியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், கொடியில் இருந்த ஒற்றைத் துப்பாக்கியை அசைக்க முடியவில்லை.

கொடுக்காதவருக்கு என்ன?

திட்டத்தின்மேல் சொல்லத்தக்க மிகக் கடுமையான குறை, நான் அறிந்தவரையில், எண்ணிக்கையைப் பற்றியதன்று, நியாயத்தைப் பற்றியது. துப்பாக்கி வைத்திருந்தவருக்குச் சைக்கிள் கிடைத்தது. அத்துப்பாக்கிக்குக் கணவனைப் பறிகொடுத்தவளுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. அவளிடம் ஒப்படைக்கத் துப்பாக்கி இல்லை. படையினரால் பிடித்துச் செல்லப்பட்டு மூட்டை சுமந்தும் சமைத்தும் ஆண்டுக்கணக்கில் அல்லலுற்ற பெண்கள், படைவீரர் பட்டியலில் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. பணி விடுப்பு ஊதியமும் அவர்களை எட்டவில்லை. சிறு பிள்ளைகளாகப் போரில் இழுக்கப்பட்டவர்களின் கதியும் அதுவே. ஆயுதத்தை அளவுகோலாகக் கொண்டு உதவி வழங்கினால், ஆயுதமில்லாதவர் அளவுக்குள் வருவதே இல்லை. ஊரார் பார்வையில் இது எவ்வாறு தோன்றும்? பாவம் செய்தவருக்குப் பரிசு, பாதிக்கப்பட்டவருக்கு உபதேசம் என்றல்லவா தோன்றும்!

இதற்குச் சபையார் தரப்பில் ஒரு விடை உண்டு. 1992 அக்டோபரிலேயே பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. எவரையும் நீதிமன்றத்தில் நிறுத்த வழியில்லை. துப்பாக்கி வெளியே இருக்கும்வரை அந்த விதவைக்கும் இரவில் உறக்கமில்லை. ஆகவே அதை வெளியேற்றியதே அவளுக்குச் செய்த உதவி என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று. தனி மனிதருக்குச் சைக்கிள் கொடுப்பதைவிட, ஊரார் திரட்டிய ஆயுதங்களுக்கு ஈடாக ஊர்ப் பொதுவுக்கு ஒரு கிணறோ டிராக்டரோ பள்ளிக்கூடக் கூரையோ கொடுத்திருந்தால், சுட்டவரும் சுடப்பட்டவரின் மனைவியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்திருப்பார்கள். டிராக்டர் பெற்ற ஊரைப் பற்றி மக்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுவே போலும். மறுபுறம், பொதுச் சொத்துக்குப் பொறுப்பாளி இல்லாமல் டிராக்டர் பழுதாகிப் புல் முளைத்துக் கிடப்பதையும் நாம் நம் ஊர்களிலேயே கண்டிருக்கிறோம். எளிதான வழி எதுவும் இல்லை.

சமாதானம் என்பதைச் சபைகள் மட்டும் கொண்டுவரவில்லை என்பதையும் மதிப்பீட்டில் எழுத வேண்டும். போரிலிருந்து திரும்பியவரை வீட்டுக்குள் சேர்ப்பதற்கு முன், அவர்மேல் ஒட்டியிருக்கும் இறந்தோர் ஆவிகளைப் போக்க ஊர் வைத்தியர்களைக் கொண்டு சடங்கு செய்யும் வழக்கம் மொஸாம்பிக்கில் பரவலாக இருந்தது. பழைய உடையை எரிப்பார்கள், மூலிகை நீரில் குளிப்பாட்டுவார்கள், முன்னோருக்கு அறிவிப்பார்கள். கொரங்கோஸாப் பகுதியில் மடிந்த வீரர்களின் ஆவி உயிரோடிருப்பவர்மேல் வந்து, தனக்கு இழைத்த தீங்கைச் சொல்லி நியாயம் கேட்கும் என்று நம்பினார்கள். நீதிமன்றம் கேட்காத வழக்கை ஆவியின் வாயால் ஊரார் கேட்டுத் தீர்த்துக்கொண்டார்கள் என்று இதைப் பற்றி ஆராய்ந்த அறிஞர்கள் கருதுகிறார்கள். சபைப் போதகர்களில் பலருக்கு இச்சடங்குகள் உவப்பாக இருந்திருக்க முடியாது. ஆயினும் சைக்கிளால் தீராத கணக்கு ஒன்று அங்கே தீர்ந்தது. திட்ட அறிக்கையின் எந்தக் கட்டத்தில் இதை நிரப்புவது?

இன்னொன்று. மதிப்பீட்டாளர் ஊருக்குள் வருவது பெரும்பாலும் நன்கொடையாளரின் மோட்டார் வண்டியில். ஊரார் வண்டியைப் பார்த்தே விடையை அமைத்துக்கொள்வார்கள். எல்லாம் நலம், இன்னும் இருபது சைக்கிள் வந்தால் மேலும் நலம் என்பார்கள். திட்டத்தில் ஒன்றும் பெறாதவர் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதே இல்லை. அவர் வீட்டுக்குச் சென்று கேட்பதற்குள் பொழுது சாய்ந்து, அதிகாரி நகரம் திரும்ப வேண்டியிருக்கும்.

இருபது ஆண்டுக்குப் பின்

1992-க்குப் பின் இருபது ஆண்டு மொஸாம்பிக்கில் பெரும்போர் மூளவில்லை. அதன் பெருமையைத் திட்டத்துக்குக் கொடுக்கலாமா? முழுதும் கொடுக்க இயலாது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்ததும், ரெனாமோ தேர்தலில் நின்று நாடாளுமன்றம் புகுந்ததும், போரால் மக்கள் சலித்துப் போனதும் பெரிய காரணங்கள். 2013-இல் மீண்டும் துப்பாக்கி வெடித்தது. அப்போது பழியைத் திட்டத்தின்மேல் போடலாமா? அதுவும் கூடாது. மறுபடி காட்டுக்குள் சென்றவர்கள் பெரும்பாலும் சமாதான ஒப்பந்தத்தின்படியே த்லகாமாவின் காவலுக்கென்று ஆயுதத்தோடு விட்டுவைக்கப்பட்டவர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் எந்தப் பாதிரியாரும் துப்பாக்கி கேட்டிருக்க வாய்ப்பில்லை. 2014-இல் ஓர் உடன்பாடு, மறுபடி மோதல், 2018-இல் த்லகாமாவின் மரணம், 2019 ஆகஸ்டில் இறுதி ஒப்பந்தம் என்று காலம் ஓடிற்று. 2023 ஜூனில் ரெனாமோவின் கடைசிப் பாசறை மூடப்பட்டது. அப்போது ஆயுதம் துறந்தவர்களின் மொத்த எண்ணிக்கை 5,221. அவர்களுக்கு ஒருமுறை கொடுக்கும் பொருளாக இல்லாமல் மாத ஓய்வூதியமாக வழங்க அரசு ஏற்பாடு செய்தது. இரண்டு ஆண்டில் நின்றுபோன பழைய ஊதியத்திலிருந்து கற்ற பாடமாக அதைக் கொள்ளலாம்.

இதற்குள் வடகோடியிலுள்ள காபோ தெல்காதோ மாகாணத்தில் வேறொரு தீ பற்றிக்கொண்டது. 2017 அக்டோபரில் மொஸிம்போவா த பிராயா என்னும் கடற்கரை ஊரில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் போலீஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டுகளில் அம்மாகாணத்திலிருந்து லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். கடலில் எரிவாயுவும் நிலத்தில் மாணிக்கக் கல்லும் கிடைக்கும் மாகாணம் அது. ஆனால் உள்ளூர் இளைஞர்க்கு அவற்றில் வேலை கிடைப்பது அரிது. பழைய திட்டம் தொடங்கியபோது இன்றைய போராளிகளில் பலர் பிறக்கவே இல்லை. அவர்கள் கையிலிருக்கும் துப்பாக்கியும் கூரையில் செருகி வைத்த பழைய காப்புறுதி அன்று.

அங்கே பெம்பா மறைமாவட்டத்தின் கத்தோலிக்க அறநிறுவனமும் பிற சபைகளும் இன்று இடம்பெயர்ந்தோருக்கு உணவும் விதையும் வழங்கிவருகின்றன. மக்களில் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள் ஆதலால், இம்முறை சபையார் மட்டும் நடுவராக நிற்க முடியாது. பள்ளிவாசல்களின் இமாம்களும் உடன் அமர்ந்தால்தான் பேச்சு நடக்கும். அந்த மாகாணத்தில் விதையும் மண்வெட்டியும் வழங்கிய பட்டியல்கள் பிற்காலத்தில் எவருடைய மேஜைக்கேனும் மதிப்பீட்டுக்காக வந்து சேரும். அவர் பட்டியலை மூடிவைத்துவிட்டு, வழங்கிய ஐந்தாம் ஆண்டில் அந்த ஊர்களுக்குப் போய், பெற்றவர் வீட்டையும் பெறாதவர் வீட்டையும் தட்ட வேண்டியிருக்கும்.